ஹால்சலுக்கு ஒரு கோப்பைத் தேநீர்

லோர்கன் டெவெரோவின் அப்பா இறந்துகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில், பயிற்சியாளர் ஹால்சலுக்குப் பக்கத்தில், லோர்கன் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். இளையோர் கால்பந்துக் கோப்பையின் அரையிறுதியில் ஜெயித்துத் திரும்பும் வழி அது. இரண்டு கோல் போட்டவன் அவன்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் பஞ்சாலைகள் மூடிப் பல காலமான ஊர் ஒன்றின் கிளப் அது. இளையோர் அணியில் நாங்கள் இரண்டு பேர்தான் அயர்லாந்துக்காரர்கள். அவன் ஊர் ஆர்க்ளோ. நான், ஃபின்டன் கியோ, அதற்குத் தெற்கே கோரி. அவன் வலது ஓரத்தில் பறப்பவன், நான் கோல்கீப்பர். பள்ளியைப் பாதியில் விட்டுக் கப்பலேறி வந்தவர்கள். மிஸஸ் என்ட்விசில் என்ற விதவையின் வீட்டில் கிளப் எங்களைத் தங்கவைத்திருந்தது. மற்றப் பையன்கள் எங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைக்கக்கூட மெனக்கெடவில்லை. அயர்லாந்துக்காரன் என்றாலே வைக்கும் கேலிப்பெயர்தான்; இருவருமே அவர்களுக்கு 'உருளைக்கிழங்கு'. காலையில் பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைப்போம், பிறகு பயிற்சி, பிறகு அந்தக் குளிரான அறையில் படுத்துக்கொண்டு ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம். லோர்கன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்குப் போன் செய்வான். அவன் அப்பா மோக் டெவெரோ மீன்பிடிப் படகில் வேலை செய்தவர். போனில் அவர் பேசுவதே குறைவு. "ஓடுறியா? நல்லா ஓடு," என்பார், அவ்வளவுதான்.

அன்று வெற்றியோடு திரும்பி வந்து மணியை அடித்தோம். கதவைத் திறந்த மிஸஸ் என்ட்விசில் பேயைக் கண்டவர் போல நின்றார்.

"நீ ஏன்டா கண்ணு இங்க நிக்கிறே?"

"மேட்ச் முடிஞ்சுது மிஸஸ் என்ட்விசில். ஜெயிச்சுட்டோம். ரெண்டு கோல்!"

"நீ பிளைட்ல போயிருப்பேன்னு நெனச்சேனே. உங்க அக்கா காலைல போன் பண்ணிச்சு. நீங்க கிளம்பின கையோட. அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரில வெச்சிருக்காங்க, உடனே அனுப்புங்கன்னு. நான் அந்த நிமிஷமே கிளப்புக்குப் போன் பண்ணினேன். ஹால்சல்கிட்டயே பேசினேன். 'நான் பார்த்துக்கறேம்மா'ன்னாரு."

லோர்கன் கைப்பையைக் கீழே வைக்கவில்லை. அதைத் தோளில் மாட்டியபடியே கூடத்தில் இருந்த போனை எடுத்து எண்ணைச் சுழற்றினான். அக்கா டெர்வ்லாதான் எடுத்தாள். அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவன், "எப்ப?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "எப்ப?" என்றான். நாங்கள் பஸ்ஸில் பாடிக்கொண்டிருந்த நேரம்தான்.

மான்செஸ்டரிலிருந்து டப்ளினுக்குப் பறப்பது சாப்பிட்டுக் கைகழுவும் நேரம். காலையில் சொல்லியிருந்தால் மதியத்துக்குள் அப்பாவின் கட்டிலருகே நின்றிருப்பான்.

நான் அவனுடன் அடக்கத்துக்குப் போனேன். வீட்டின் முன்னறையில் பெட்டி, சுற்றி அக்கம்பக்கத்தார், ஹாம் சாண்ட்விச் தட்டுகள், ஜெபமாலை முணுமுணுப்பு. அவன் அம்மா அட்ராக்டா உயரமான, எலும்பு தெரியும் பெண். மகனைக் கட்டிக்கொண்டு, "ஏன்டா லேட்டு?" என்று கேட்டாள்.

"எனக்கு விஷயம் லேட்டாத்தான் வந்துச்சும்மா. கிளப்புக்குப் போன் கிடைக்கல போல. யார் மேலயும் தப்பில்ல."

அவன் என்னைப் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் அவளுக்கு இருந்த பாரம் போதும் என்று அவன் நினைத்தான். அப்போது எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

திரும்பிப் போனதும் ஹால்சலைப் பூட்ஸ் அறையில் மடக்கினான். நான் அங்கேதான் சேறு சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"பாஸ், உங்களுக்குக் காலைலயே தெரியுமா?"

ஹால்சல் தடித்த மனிதர், எப்போதும் வாயில் புதினா மிட்டாய். அதை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "தெரியும். சொல்லியிருந்தா நீ ஆடியிருப்பியா? மாட்டே. இந்த ஆட்டத்தை ஊர்ல பாதிப் பேரு பார்த்தாங்க. உன் பேரு பேப்பர்ல வந்திருக்கு. இதைத்தானே உங்க அப்பா ஆசைப்பட்டாரு? ஒருநாள் எனக்கு நீயே நன்றி சொல்லுவே."

"அவரு சாயங்காலம் வரைக்கும் உசிரோட இருந்தாரு பாஸ்."

"நான் என்ன டாக்டரா? எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு லோர்கன் அவருக்காக ஓடவில்லை. கால்கள் ஓடின, ஆனால் முன்னைப்போல இல்லை. யாரைப் பார்த்தாலும் முறைத்தான், இரண்டு முறை சிவப்பு அட்டை வாங்கினான். வசந்தகாலத்தில், யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது என்று சொல்ல, எங்களை நடையில் வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். என்னிடம் ஹால்சல், "உயரம் பத்தல தம்பி," என்று முடித்துக்கொண்டார். லோர்கனிடம் சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது. "உனக்குக் கால்ல குறையில்ல. மண்டையிலதான் கோளாறு. உன்னை மாதிரி அழுமூஞ்சிங்க இந்த ஆட்டத்துக்கு லாயக்கில்ல."

லோர்கன் வெளியே வந்தபோது அவன் முகத்தில் அழுகை இல்லை. "கிளம்பு," என்றான். கப்பலில், மேல்தளத்தில் காற்றில் நின்றபடி ஒன்று சொன்னான். "நான் அவனை விடமாட்டேன் ஃபின்டன். எப்படின்னு தெரியல. ஆனா விடமாட்டேன்."

நான் என் மாமாவின் டயர் கடையில் சேர்ந்தேன். இருவரும் ஊர்ப்பக்கத்துக் கிளப் ஒன்றில் ஆடினோம். செவ்வாயும் வியாழனும் பயிற்சி, வெள்ளி இரவு ஆட்டம், ஈரத் துண்டு, சில நூறு ரசிகர்கள். இங்கிலாந்து போய்த் திரும்பியவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு தனிக் கேலி உண்டு. பப்பில் நுழைந்தால், "ஏய், வழி விடுங்கப்பா, ராணி வீட்டுப் பையன்கள் வந்துட்டாங்க!" என்பார்கள். லோர்கன் அதைக் கேட்டுச் சிரிப்பான். பிறகு தனியாகத் துறைமுகத்துக்குப் போய், இருட்டும் வரை சுவரைப் பார்த்துப் பந்தை உதைப்பான். ஒவ்வொரு உதையிலும் ஒரு பெயர் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

அவனுக்கு இருபது முடிந்த கோடையில் அந்தச் செய்தி வந்தது. ஹால்சல் இப்போது அதே கிளப்பின் முதல் அணிக்கு மேலாளராகிவிட்டார். சீசனுக்கு முன் தயார்படுத்த அணியை அயர்லாந்துக்கு அழைத்து வருகிறார். முதல் ஆட்டம் எங்களோடு.

அன்று லோர்கன் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய இடது பக்கத் தடுப்பாளரைப் பொம்மை போலச் சுற்றவிட்டான். ஒன்று போட்டான், ஒன்று போடவைத்தான். ஆட்டம் முடிந்ததும் ஹால்சல் கைகளை விரித்துக்கொண்டு புல்தரையைக் கடந்து வந்தார்.

"லோர்கன்! என் பையன்! நான் அன்னைக்கே சொன்னேன் இல்ல?" உள்ளூர் நிருபரிடம் திரும்பி, "இவனை நான்தான்யா வளர்த்தேன். எழுதிக்கோ," என்றார்.

அவருக்கு எதுவும் நினைவில்லை. அல்லது கோல்கள் மட்டும்தான் நினைவிருந்தன. லோர்கன் அவரை அடிப்பான் என்று நினைத்து நான் பக்கத்தில் போய் நின்றேன். அவன் புன்னகைத்தான்.

"திரும்பி வர்றியாடா? எனக்கு வலது பக்கம் ஆளே இல்ல. கையெழுத்து மட்டும் போடு."

"வரேன் பாஸ். ஆனா எங்க அம்மா சம்மதிக்கணும். நாளைக்கு வீட்டுக்கு வாங்க, அவங்ககிட்ட நீங்களே கேளுங்க."

"இதுல என்ன இருக்கு? அம்மாக்களுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்!"

அவர் போனதும் லோர்கன் என் பக்கம் திரும்பினான். "நீயும் வா. எனக்கு ஒரு சாட்சி வேணும்." இன்னொன்றும் சொன்னான். ஹால்சலின் ஊருக்குப் பக்கத்து ஊர்க் கிளப்பின் ஆள் ஒருவரும் அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். இரண்டு ஊருக்கும் தலைமுறைப் பகை. அவரும் லோர்கனைத் தன் அணிக்குக் கேட்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்த பிறகு, ஹால்சல் கிளப் டை கட்டிக்கொண்டு ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவோடு வந்தார். சமையலறை மேசையில் சோடா ரொட்டி, ஹாம், ருபார்ப் டார்ட். டெர்வ்லா வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அட்ராக்டா அவரை மரியாதையாக உட்காரவைத்தாள். அவர் ரொட்டியைப் புகழ்ந்தார், வீட்டைப் புகழ்ந்தார், மகனைப் புகழ்ந்தார்.

"உங்க வீட்டுக்காரரு இதைப் பார்த்திருக்கணும்மா. எவ்வளவு பெருமைப்பட்டிருப்பாரு!"

லோர்கன் தட்டை நகர்த்தி வைத்தான். "பாஸ், அப்பா பேச்சு வந்ததால கேக்கறேன். அவரு செத்த அன்னைக்கு மிஸஸ் என்ட்விசில் உங்களுக்குப் போன் பண்ணினாங்கள்ல? அதைப் பத்தி அம்மாகிட்ட சொல்லுங்களேன்."

ஹால்சலின் வாயில் புதினா மிட்டாய் அசையாமல் நின்றது. "அது... பழைய விஷயம்டா. இப்ப எதுக்கு?"

"என்ன போன்?" என்றாள் அட்ராக்டா.

அவள் ஹால்சலைப் பார்த்து, மிக மெதுவாக, கடைக்காரனிடம் விலை கேட்பது போலக் கேட்டாள். "என் வீட்டுக்காரருக்கு முடியலைன்னு உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

"அன்னைக்குத்தாம்மா."

"அன்னைக்கு எப்ப?"

"காலைல."

"ஆட்டத்துக்கு முன்னாடியா?"

ஹால்சல் என்னைப் பார்த்தார், ஏதோ நான் காப்பாற்றுவேன் என்பது போல. நான் ரொட்டியைப் பார்த்தேன்.

"முன்னாடிதான். ஆனா அம்மா, நீங்க புரிஞ்சுக்கணும், ஒரு பையனோட எதிர்காலம்..."

அட்ராக்டா அவரை விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினாள். "உனக்கு இது தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்மா."

அவள் அவனைப் பார்த்த பார்வையை லோர்கன் எதிர்பார்க்கவில்லை. ஹால்சலை வெட்ட எடுத்து வந்த கத்தி முதலில் தன் அம்மாவின் மேல் இறங்கியதை அப்போதுதான் கண்டான். நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். ஹால்சலும் அதையே யோசித்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"உக்காருங்க மிஸ்டர் ஹால்சல்," என்றாள் அட்ராக்டா. "தேநீர் ஆறிடும்."

அவர் உட்கார்ந்தார். அவள் அவர் கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள்.

"காலைல அவரு பூட்ஸ் மாட்டும்போது விழுந்தாரு. ஆஸ்பத்திரில முகத்துல ரப்பர் மூடி போட்டிருந்தாங்க. கதவு திறக்கற சத்தம் கேட்டா அந்த மூடியைத் தூக்கிட்டு, 'வந்துட்டானா?'ன்னு கேப்பாரு. நர்ஸ் வருவா. 'வந்துட்டானா?' சாப்பாட்டு வண்டிக்காரப் பொண்ணு வருவா. 'வந்துட்டானா?' யாரோ ஒருத்தன் வேற வார்டு தேடிக்கிட்டு எட்டிப் பார்த்தான். அவனைப் பார்த்துச் சிரிச்சாரு, இவன்தான்னு நெனச்சு. குடிங்க மிஸ்டர் ஹால்சல்."

அவர் குடித்தார்.

"டெர்வ்லாவைக் கூப்பிட்டுத் தலை வாரிவிடச் சொன்னாரு. பையன் பார்த்துப் பயந்துடக்கூடாதாம். வாரினியாடி?"

"வாரினேம்மா," என்றாள் டெர்வ்லா. வெண்ணெய்க் கத்தி அவள் கையில் அப்படியே இருந்தது.

"நான் அவருக்குப் பொய் சொன்னேன். பிளைட் லேட்டுங்க, மூடுபனிங்க, வந்துக்கிட்டே இருக்கான்னேன். சாகப்போற மனுஷன்கிட்ட அரை நாள் முழுக்கப் பொய் சொன்னேன். நீங்க அப்ப ஓரத்துல நின்னு கை தட்டிக்கிட்டிருந்திருப்பீங்க. சாயங்காலம் பாதிரியார் வந்தாரு. ஏதாவது சொல்லணுமா மோக், பையன்கிட்ட நாங்க சொல்லிடறோம்னேன். 'வேணாம், அவன் வரட்டும், அவன்கிட்டயே சொல்றேன்'னாரு. அது என்னன்னு எனக்குத் தெரியாது. இவனுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா மிஸ்டர் ஹால்சல்?"

"மிஸஸ் டெவெரோ, நான்..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதும்மா."

"இன்னொரு கோப்பை?"

அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் ஊற்றினாள். அவர் அதையும் குடித்தார். நெற்றி வியர்த்துக் கழுத்துப் பட்டைக்குள் இறங்கியது. கடைசிச் சொட்டு வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பிஸ்கட் டப்பாவை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள்.

"இப்ப நீங்க போகலாம்."

வாசற்கதவு மூடிய பிறகு அவள் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். அவர் குடித்த கோப்பையைக் கழுவவில்லை, குப்பைத்தொட்டியில் போட்டாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"உன்னைக் கேட்ட இன்னொரு கிளப். அது இவனோட ஊருக்குப் பக்கத்து ஊர்தானே?"

"ஆமாம்மா."

"இவனோட ஆடுவாங்களா?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவை."

"அப்ப அங்க போ. போய் அவனை ஒண்ணுமில்லாம பண்ணு. அதுவரைக்கும் என்கிட்ட நீ பேச வேணாம். இத்தனை வருஷம் இதை என்கிட்ட மறைச்சிருக்கே."

அவள் சொன்னதைச் செய்தாள். அவன் கப்பலேறும்போதுகூட வழியனுப்ப வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன்களை டெர்வ்லாதான் எடுத்தாள்.

இலையுதிர்காலத்தில் முதல் மோதல் வந்தது. லோர்கனின் தொடைச் சதை இழுத்துக்கொண்டது. கால்மணி நேரத்தில் வெளியே வந்தான். ஹால்சலின் அணி ஜெயித்தது. இருக்கையில் பனிக்கட்டியோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து ஹால்சல் டாட்டா காட்டினாராம். அன்றிரவு லோர்கன் எனக்குப் போன் செய்து, திட்டு ஒன்றுகூட இல்லாமல், "இன்னொண்ணு இருக்கு," என்று மட்டும் சொன்னான்.

இரண்டாவதற்கு நான் போனேன். டயர் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கப்பலேறினேன். அட்ராக்டா வர மறுத்துவிட்டாள். "அந்த ஊர்ப் பக்கம் என் கால் படாது. நீ கண்ணைத் திறந்து வெச்சுப் பார்த்துட்டு வா," என்றாள். ஹால்சலின் கிளப் அப்போது பட்டியலின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வேலை கயிற்றில் ஆடுவதாகப் பேப்பர்கள் எழுதின.

அவர்களுடைய வழக்கமான இடது தடுப்பாளருக்குக் காயம். அந்த இடத்தில் ஹால்சல் ஒரு இளைஞனை இறக்கியிருந்தார். அயர்லாந்தின் டோனகோலிலிருந்து வந்த பையன், யூனன் மெக்கின்லி. பதினெட்டு வயதில் முதல் பெரிய ஆட்டம். காதெல்லாம் சிவந்திருந்தது.

லோர்கன் அவனைக் கிழித்துப் போட்டான். முதல் முறை வெளிப்பக்கமாகக் கடந்தான், இரண்டாம் முறை உள்பக்கமாக, மூன்றாம் முறை அவன் கால்களுக்கு நடுவே பந்தைத் தள்ளிவிட்டுச் சுற்றிப் போனான். பையன் விழுந்து எழுந்து ஓடிவர, நின்று காத்திருந்து, மறுபடி கடந்தான். இடைவேளைக்கு முன்பே மூன்று கோல். மூன்றும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. பார்வையாளர்கள் பையனைப் பார்த்து ஊளையிட்டார்கள், அதுவும் அவனுடைய சொந்த ரசிகர்கள். ஹால்சல் கோட்டருகே வந்து கத்தியது எனக்கு இருக்கையிலிருந்தே கேட்டது. "அழுமூஞ்சி! கால்ல குறையில்ல உனக்கு, மண்டையிலதான்!" அவர் உடனே அவனை வெளியே கூப்பிட்டார். அந்தப் பையன் முகத்தைச் சட்டையில் மறைத்துக்கொண்டு நடந்தான்.

அப்போது லோர்கன் பந்தை விட்டுவிட்டு ஓரக்கோட்டுக்கு வந்தான். பையனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு ஹால்சலின் முகத்துக்கு நேரே நின்று, அங்கே உட்கார்ந்திருந்த அவருடைய மாற்று ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"பாஸ், இவனுக்கு வீட்டிலேர்ந்து போன் ஏதாவது வந்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. எனக்குப் பண்ணின மாதிரி அப்பன் சாகற வரைக்கும் மறைச்சு வெக்காதீங்க."

எனக்குக் கேட்டது பாதிதான். மீதியை அவன் பிறகு சொன்னான். ஹால்சலின் முகத்தை மட்டும் நான் முழுசாகப் பார்த்தேன்.

ஆட்டம் ஐந்துக்குச் சுழியம். கடைசி கோல் லோர்கனுடையது. அவன் கொண்டாடவில்லை. பந்தை வலையிலிருந்து எடுத்து நடுவில் வைத்துவிட்டு, இன்னும் வேண்டும் என்பது போல நின்றான்.

ஹால்சலின் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் என்ன போன், எந்த அப்பா என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்த அணியில் பெற்றோர் தூரத்தில் இருந்த பையன்கள் நிறையப் பேர். பழைய ஆள் ஒருவருக்குக் கதை தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அவருக்காக ஓட யாருக்கும் மனம் வரவில்லை. மாதம் முடிவதற்குள் கிளப் அவரை வெளியே அனுப்பியது. பிறகு எந்தக் கிளப்பும் அவரைக் கூப்பிடவில்லை.

அன்று ஆட்டம் முடிந்து, கார் நிறுத்துமிடத்தில் நானும் லோர்கனும் நின்றிருந்தபோது அந்த டோனகோல் பையன் வந்தான். முடி ஈரமாக இருந்தது.

"நீ சொன்னது நெசமா? உங்க அப்பா?"

"நெசம்தான்."

"சரி, அவன் ஒரு நாய். ஒத்துக்கறேன். ஆனா அவனை அடிக்க நீ என்னைத்தானே தடியா எடுத்தே? நான் உன்னை என்னடா பண்ணினேன்? எங்க வீட்ல எல்லாரும் ரேடியோ கேட்டுக்கிட்டிருந்தாங்க."

"ஒண்ணும் பண்ணல," என்றான் லோர்கன். "நீ அழறதைப் பார்த்தேன். பார்த்துட்டும் என்னால நிறுத்த முடியல."

"கை குடுத்தா சரியாப் போச்சா?" என்று அந்தப் பையன் கீழே துப்பிவிட்டுப் போனான்.

"மனசு கேக்குதா?" என்று நான் லோர்கனிடம் கேட்டேன்.

"அந்தப் பையனை நெனச்சா கேக்கல. ஹால்சலை நெனச்சா, நல்ல சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருக்கு. ரெண்டும்தான்." காரில் ஏறி உட்கார்ந்தவன் கண்ணாடியை இறக்கினான். "அம்மாகிட்ட போனதும் சொல்லு. இப்ப என்கிட்ட பேசுவாங்களான்னு கேளு."

ஊர் வந்து சேர்ந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆர்க்ளோவுக்குப் போனேன். அட்ராக்டா ஸ்கோரை ஏற்கெனவே ரேடியோவில் கேட்டிருந்தாள். எனக்கு ஹாம் வெட்டி வைத்தாள். ஓரக்கோட்டில் லோர்கன் ஹால்சலிடம் சொன்னதைச் சொல்லிவிட்டுக் கோல்களைப் பற்றித் தொடங்கினேன். கையை அசைத்து நிறுத்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு. இவன் அதைச் சொன்னப்ப அந்த ஹால்சல் முகம் எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். சிவந்து, பிறகு வெளுத்து, வாய் திறந்து, பக்கத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, யாரும் அவர் கண்ணைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டதை எல்லாம் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றாள். "மெதுவா."